சாய்ந்து உறைந்த தண்ணீர்

அத்தியாயம் ஏழு

கன்டெய்னர் கதவு திறந்ததும் வந்த வாடையில் அரட்டைக்குக் குடல் ஒரு தடவை புரண்டு படுத்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தவன், பக்கத்தில் நின்ற தும்மல் மேடத்தைப் பார்த்தான். அந்த அம்மா ஏதோ பூந்தோட்டத்துக்குள் நுழைகிற மாதிரி நிதானமாக உள்ளே ஏறிக்கொண்டிருந்தாள்.

"மேடம், உங்களுக்கு நாறலையா?"

"என்ன நாறுது?"

"சரிதான். கொடுத்து வச்சவங்க."

தும்மல் மேடத்துக்கு வருஷம் பூராவும் ஜலதோஷம். ஆபீஸ் வாசல் பலகையில் 'துப்பறியும் நிபுணர்' என்ற எழுத்துக்கு மேலே அவளுடைய நிஜப் பெயர் இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. கையில் எந்நேரமும் ஒரு வட்டமான தைல டப்பா. அதைத் திறப்பதும் மூடுவதும் உருட்டுவதும்தான் அவள் யோசிக்கிற விதம். அரட்டை அவளுடைய உதவியாளன். அவனுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று சொல்லத் தேவையில்லை. பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே அவருடைய குடும்பக் கதையைக் கேட்டு வாங்கியவன்.

ஆனால் இன்றைக்கு அவன் பேச்சில் உப்பில்லை. காரணம் இருந்தது.

இந்தக் கன்டெய்னரில் உறைந்த இறால் பெட்டி பெட்டியாகக் கடல் கடந்து போனது. அந்தப் பக்கத்தில் வாங்குகிறவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். 'இது நடுவில் உருகி, மறுபடி உறைந்த சரக்கு. எங்களுக்கு வேண்டாம்' என்று முகத்தில் அடித்த மாதிரி திருப்பி அனுப்பிவிட்டார்கள். உறைந்த சாமான் ஒரு தடவை உறைந்தால், சமைக்கிறவர் கைக்குப் போகிறவரை உறைந்தே இருக்க வேண்டும். இந்தத் தொழிலின் சட்டம் மொத்தமும் இந்த ஒரு வரிதான். இப்போது போன கன்டெய்னர் போன வழியே திரும்பி, அனுப்பிய கோல்டு ஸ்டோரேஜின் பின்பக்க யார்டிலேயே வந்து நிற்கிறது.

எங்கே உருகியது? கப்பலில் குளிர் ஒரு நாளும் குறையவில்லை. அதற்குப் பதிவு இருக்கிறது. கோல்டு ஸ்டோரேஜிலும் குறையவில்லை என்று அடித்துச் சொன்னார்கள். மிச்சம் இருப்பது இங்கிருந்து துறைமுகம் வரைக்கும் போன லாரிப் பயணம். வழியில், கன்டெய்னருக்குக் குளிர் கொடுக்கிற ஜெனரேட்டர் நின்றுபோனதாக டிரைவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். 'கொஞ்ச நேரம்தான் நின்னேன், உடனே சரி பண்ணிட்டேன்' என்கிறார். அவர் டீசலை மிச்சம் பிடிக்க ஜெனரேட்டரை அணைத்துவிட்டுத் தூங்கினார் என்கிறது கம்பெனி.

அந்த டிரைவர், அரட்டையின் அக்கா புருஷன்.

முன் கட்டிட ஆபீஸ் அறையில் மாமாவை உட்கார வைத்து, முன்னால் ஒரு பேப்பரையும் வைத்திருந்தார்கள். 'ஜெனரேட்டரை நானே அணைத்தேன்' என்று அதில் எழுதியிருந்தது. சாயங்காலம் ஆபீஸ் மூடுவதற்குள் கையெழுத்துப் போட்டால் வேலை மட்டும்தான் போகும். போடாவிட்டால் போலீஸ்.

"உன் மாமான்னு பார்த்துக் கண்ணை மூடிக்க மாட்டேன்," என்று காரிலேயே சொல்லியிருந்தாள் மேடம். "இப்பவே சொல்லிட்டேன்."

"நீங்க மூக்கை மட்டும் மூடிக்கிட்டா போதும் மேடம்," என்று அப்போது சொல்லியிருந்தான் அரட்டை.

"குளிருமே! கோட்டு போட்டுக்காம ஏறிட்டீங்களே!" என்று பதறிக்கொண்டு வந்தார் சித்தப்பா. கோல்டு ஸ்டோரேஜுக்குப் பொறுப்பு இவர்தான். கம்பெனி முதலாளியம்மாவுக்குச் சொந்தச் சித்தப்பா. அதனால் வாட்ச்மேனிலிருந்து கணக்கர் வரைக்கும் எல்லாருக்கும் சித்தப்பா. இரண்டு தடிமனான கோட்டுகளைக் கையில் வைத்திருந்தார். ஒன்றை மேடத்தின் தோளில் தானே போர்த்திவிட்டார். அரட்டைக்கு பட்டன்கூடப் போட்டுவிட்டார்.

"டிரைவர் தங்கமான பிள்ளை. போலீஸ் வேணாம்னு என் அண்ணன் மகள்கிட்ட நான்தான் கெஞ்சிக் கேட்டு வாங்கியிருக்கேன். சீக்கிரம் கையெழுத்து போட்டுட்டா அவருக்கும் நிம்மதி. இந்த நாத்தத்தையும் இன்னிக்கே குழி தோண்டிப் புதைச்சுடலாம், லாரிக்குச் சொல்லியாச்சு."

"இன்னிக்கேவா?" என்றாள் மேடம்.

"பக்கத்துல எல்லாம் கம்ப்ளெயின்ட் பண்றாங்கம்மா."

மேடம் ஒரு தும்மல் போட்டாள். பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, கதவோரம் இருந்த பெட்டிகளில் மேல் வரிசையில் ஒன்று, அதை நகர்த்திவிட்டு அதற்குக் கீழ் வரிசையில் ஒன்று, இரண்டின் தலையிலும் கதவைப் பார்த்து ஒரு அம்பு வரைந்தாள்.

"ஏன் ஒரு வரிசை நீளவாக்குல, ஒரு வரிசை குறுக்குவாக்குல அடுக்கியிருக்கு?"

சுமைக்காரர் ஒருவர் கைடிராலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். "கடல்ல ஆட்டம் ஜாஸ்தி மேடம். ஒண்ணு மேல ஒண்ணு ஒரே மாதிரி வச்சா சரிஞ்சுடும். மாத்தி மாத்திப் பின்னி வச்சாத்தான் நிக்கும்." சொல்லிக்கொண்டே டிராலியை பிளாட்பாரத்தில் நிறுத்தி, காலால் ஒரு மரக்கட்டையை எத்தி அதன் சக்கரத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்தார்.

அரட்டை பிளாட்பாரத்தைப் பார்த்தான். கேரம் போர்டு மாதிரி சமமாக இருந்தது. "ஏண்ணே, இந்தத் தரையில டிராலி எங்க ஓடிப்போகப் போகுது? இதுக்குப் போய் கட்டை வைக்கிறீங்க?"

"பழக்கம் தம்பி."

சித்தப்பா தேவைக்கு அதிகமாகவே சிரித்தார். "எங்க ஆளுங்களுக்கு எப்பவும் ஜாக்கிரதை!"

மேடம் கீழ்ப்பெட்டியை டிராலி மேல் வைத்து அங்கேயே பிரித்தாள். உள்ளே பிளாஸ்டிக் பை. பைக்குள் இறால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பாறையாகக் கிடந்தது. உருகியபோது கசிந்த தண்ணீர் மேலே தனியாகத் தேங்கி, ஐஸாகி இருந்தது. ஆனால் அந்த ஐஸ் சமமாக இல்லை. ஒரு ஓரத்தில் விரல் தடிமனுக்கு இருந்தது. எதிர் ஓரத்தில் ஒன்றுமே இல்லை.

"சாய்ஞ்சு உறைஞ்சிருக்கு," என்றான் அரட்டை.

"தண்ணி சாயாது. பெட்டி சாய்ஞ்சிருந்திருக்கு. தண்ணி எப்பவும் போல மட்டமாத்தான் நின்னிருக்கு. எந்தப் பக்கம் கெட்டியா இருக்கு பாரு."

சாக்பீஸ் அம்பு காட்டிய பக்கம். கதவுப் பக்கம்.

சித்தப்பா எட்டிப் பார்த்துவிட்டு நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். "துறைமுகம் போற வழியில ஒரு மேட்டு ரோடு இருக்கு. வண்டி ஏத்தத்துல நின்னா கதவுப் பக்கம்தான் தாழும்... நான் ஒண்ணும் சொல்லலப்பா. நல்ல பிள்ளை."

மாமா 'கொஞ்ச நேரம்' நின்றதாகச் சொன்ன இடம் அந்த மேடுதான்.

மேடம் பிரித்த பெட்டியையும் பிரிக்காத பெட்டியையும் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து டேப் ஒட்டினாள். "கிளம்பு. மேட்டைப் பாக்கலாம்."

*

காரில் அரட்டை வாயே திறக்கவில்லை. மேடம் இரண்டு தடவை அவனைத் திரும்பிப் பார்த்தாள், உயிரோடு இருக்கிறானா என்று.

அவனுக்குள் ஓடியது வேறு படம். மாமா வாராவாரம் வீட்டுக்கு வந்தால் சாப்பிட்ட தட்டில் கையைக் கழுவாமலே தூங்கிவிடுகிற ஆள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் அசந்து ஒரு தடவை வண்டியை வேலியில் ஏற்றியவர். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை. தூங்கியிருப்பார். கண்டிப்பாகத் தூங்கியிருப்பார்.

மேடு வந்தது. ஒரு பக்கம் மண் சுவர், மறு பக்கம் பள்ளம். வளைவில் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் டயருக்குள் தலையைக் கொடுத்து என்னவோ தேடிக்கொண்டிருந்தார். ரோட்டோரம் இரண்டு பெரிய கல் கிடந்தது. லாரிச் சக்கரத்துக்குக் கொடுக்கிற அளவில்.

"அண்ணே, ஒண்ணு ரெண்டு மாசம் முன்னாடி வெள்ளைப் பொட்டி ஏத்தின லாரி ஒண்ணு இங்க நின்னுச்சா? குளிர்ப்பெட்டி?"

"நின்னுச்சே! டிரைவர் மூஞ்சி காய்ச்சல் வந்த மாதிரி இருந்துச்சு. இந்தக் கல்லுதான் வச்சாரு."

"கொஞ்ச நேரம் நின்னாரா?"

"கொஞ்ச நேரமா?" கடைக்காரர் டயரிலிருந்து தலையை வெளியே எடுத்தார். "காலையில நான் கடை தொறக்கறப்ப வந்தவரு. நான் சாப்பிட்டு வந்தும் இங்கதான் இருந்தாரு. சீட்டுல சாஞ்சு நல்ல தூக்கம்."

போதும். அரட்டை அதற்கு மேல் கேட்கவில்லை. நாலு எட்டு தள்ளிப் போய்ப் போனை எடுத்தான்.

"மாமா, நான்தான்."

"சொல்லு மாப்ளே. ஏதாவது தெரிஞ்சுதா?" அந்தக் குரலில் இருந்த ஆசை அவனை இன்னும் கடுப்பேற்றியது.

"கொஞ்ச நேரம்னு சொன்னீங்களே. அரை நாள் தூங்கியிருக்கீங்க. சாட்சி இருக்கு."

அரட்டை பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல எங்க அக்கா நிக்கறதை என்னால பாக்க முடியாது மாமா. கையெழுத்து போட்டுடுங்க. பேசாம போட்டுட்டு வந்துடுங்க."

"நீயே சொல்றியா மாப்ளே?"

"நானேதான் சொல்றேன்."

"சரி," என்றார் மாமா. லைன் போய்விட்டது.

அரட்டை திரும்பி வந்தபோது, மேடம் பஞ்சர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து கடைக்காரருக்குத் தன் தைலத்தைக் கொடுத்துத் தேய்க்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவரை இன்னொரு தடவை சொல்லச் சொல்றேன், கேளு," என்றாள். "ஏன்யா, வண்டி நின்னப்ப சத்தம் ஏதாவது இருந்துச்சா?"

"அதை ஏன் கேக்கறீங்க! வந்தப்ப ஜெனரேட்டர் நின்னுபோச்சுன்னு கையெல்லாம் கரியாக்கி என்னமோ நோண்டினாரு. நான்தான் ஸ்பேனர் கொடுத்தேன். ஓட ஆரம்பிச்சுது பாருங்க, காது கிழிஞ்சுது. அவர் கிளம்பறவரைக்கும் ஓடிட்டே இருந்துச்சு. அந்த இரைச்சல்ல அந்த மனுஷன் எப்படித்தான் தூங்கினாரோ. காய்ச்சல் மாத்திரை போட்டிருப்பாரு போல."

அரட்டை கடைக்காரர் முன்னால் குனிந்தான். "ஜெனரேட்டர் ஓடிட்டே இருந்துச்சா?"

"நீ பாதி பதிலைக் கையில வாங்கிட்டு ஓடிட்டே," என்றாள் மேடம். "லோடோட நடுவழியில தூங்கினேன்னு சொன்னா எந்தக் கம்பெனி அடுத்த லோடு கொடுக்கும்? அதான் கொஞ்ச நேரம்னு சொல்லியிருக்காரு. தூங்கினதை மறைச்சாரு. அணைச்சதை மறைக்கல, ஏன்னா அணைக்கவே இல்ல."

"அப்ப அந்த ஐஸ்? கதவுப் பக்கம் சாய்ஞ்சிருந்துச்சே?"

"வா."

காரின் பானெட் மேல் தெர்மாகோல் பெட்டியை வைத்து, பிரிக்காமல் கொண்டு வந்த மேல்வரிசைப் பெட்டியைப் பிரித்தாள். அதிலும் ஐஸ் ஒரு ஓரம் தடித்து, மறு ஓரம் மெலிந்து இருந்தது. இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டு சாக்பீஸ் அம்பும் ஒரே திசையைப் பார்க்கும்படி திருப்பினாள்.

"இப்பச் சொல்லு."

ஒரு பெட்டியில் தண்ணீர் கதவுப் பக்கம் ஓடி உறைந்திருந்தது. மற்றதில் கன்டெய்னரின் பக்கச்சுவரைப் பார்த்து ஓடி உறைந்திருந்தது.

அரட்டை கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். "ஒரே கன்டெய்னர். ஒரே மேடு. ஒண்ணு மேல ஒண்ணு இருந்த பெட்டி. ஒரு தண்ணி முன்னால போச்சு, ஒரு தண்ணி பக்கவாட்டுல போச்சா? மேடம், தண்ணிக்கெல்லாம் எப்ப மேடம் சொந்த புத்தி வந்துச்சு?"

"அப்பாடா, பேச ஆரம்பிச்சுட்டான்," என்று மேடம் ஒரு தும்மல் தும்மினாள். "கன்டெய்னருக்குள்ள உருகி உறைஞ்சிருந்தா, எல்லாப் பெட்டியும் ஒரே திசையில சாய்ஞ்சிருக்கணும். சாயல. அப்ப, அடுக்கறதுக்கு முன்னாடியே உறைஞ்சாச்சு. இப்ப அம்பை மறந்துடு. லேபிளைப் பாரு."

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு குறுகிய பக்கத்தில் கம்பெனி லேபிள் ஒட்டியிருந்தது. இரண்டு பெட்டியிலும் ஐஸ் தடித்திருந்தது அந்த லேபிள் பக்கம்தான்.

"எல்லா லேபிளும் ஒரே பக்கம் பாத்துட்டு நிக்கிற இடம் எது?"

அரட்டை லேபிளை இன்னொரு தடவை பார்த்தான். கோல்டு ஸ்டோரேஜ். நடைபாதையில் போகிறவர் படிக்கத் தோதாக, அங்கேதான் எல்லாப் பெட்டியும் லேபிளை வெளியே காட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே பக்கம் முகத்தை வைத்து நிற்கும்.

"ஆனா மேடம், அங்க தரை சரிவா இல்லையே. கேரம் போர்டு மாதிரி..." சொல்லும்போதே அவனுக்கு அந்த மரக்கட்டை நினைவுக்கு வந்தது. சமமான தரையில், யாரும் சொல்லாமல், காலால் எத்திச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டை.

"பழக்கம்னாரே..." என்றான் மெதுவாக.

"பழக்கம் சும்மா வராது. உள்ளே எங்கேயோ டிராலி ஓடியிருக்கு."

அரட்டை மாமாவுக்குப் போன் போட்டான். ஸ்விட்ச்டு ஆஃப். அக்காவுக்குப் போட்டான். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சாப்பாட்டுப் பொருள் தயாராகிற இடம் என்று வெளியாட்களின் போன், வளையல், மோதிரம் எதையும் உள்ளே விடமாட்டார்கள், வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அப்படியென்றால் அக்காவும் அங்கேதான் போயிருக்கிறாள்.

"மேடம், வண்டியை நான் ஓட்டறேன்."

"ஓட்டு. ஆனா உங்க மாமா மாதிரி வேலியில ஏத்தாதே."

*

கம்பெனி வாசலில் சித்தப்பா நின்றிருந்தார், பக்கத்தில் முதலாளியம்மா. அவளுக்கு முப்பது சொச்சம் வயது இருக்கும். அப்பா போனபிறகு தொழிலைத் தலையில் தூக்கிக்கொண்டவள். தூங்கி எத்தனை நாள் ஆயிற்றோ என்று நினைக்க வைக்கிற கண்கள். பின்பக்கம் குப்பை லாரி உறுமிக்கொண்டிருந்தது.

"வந்துட்டீங்களா! எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது," என்று சித்தப்பா அரட்டையின் தோளைத் தட்டினார். "டிரைவர் தம்பி கையெழுத்து போடறேன்னு ஒத்துக்கிட்டார். நீங்க போன்ல சொன்னீங்களாமே. நல்ல காரியம் பண்ணினீங்க."

அந்தத் தட்டு அரட்டைக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அவன் ஆபீஸ் பக்கம் ஓடப்போனான். அவன் இன்னும் கழற்றாத கோட்டைப் பிடித்து மேடம் நிறுத்தினாள்.

"வெறுங்கையோட போய் என்ன சொல்லுவே? வா." முதலாளியம்மாவிடம் திரும்பினாள். "அம்மா, கோல்டு ஸ்டோரேஜ்ல எத்தனை ரூம்?"

"மூணு."

"மூணையும் பாக்கணும்."

"மூணாவது காலி ரூம்மா," என்றார் சித்தப்பா. "பெயின்ட் அடிக்கப் பூட்டி வச்சிருக்கு. சாவிகூட எங்கேன்னு..."

"சித்தப்பா," என்றாள் முதலாளியம்மா. "நான் கேட்டா நாலு நாளா ஒவ்வொரு காரணம் சொல்றீங்க. சாவி உங்க இடுப்புலதான் இருக்கு. கொடுங்க."

மூன்றாவது அறையில் பெயின்ட் வாடை இல்லை. குளிர் மட்டும் மூஞ்சியில் அறைந்தது. பெட்டி ஒன்றும் இல்லை. தரையில் வெள்ளையாக உறைபனி; பார்வைக்குச் சமமாகத்தான் தெரிந்தது. அந்தக் குளிரில் மேடத்துக்குத் தும்மல் நின்றுபோனது. வருஷத்தில் அபூர்வமாக நடக்கிற விஷயம் என்று அரட்டை மனதுக்குள் குறித்துக்கொண்டான்.

மேடம் பின்சுவர் வரைக்கும் நடந்து போனாள். கையிலிருந்த தைல டப்பாவைச் சக்கரம் மாதிரி நிமிர்த்தித் தரையில் வைத்தாள். கையை எடுத்தாள்.

டப்பா ஒரு நொடி யோசித்தது. அப்புறம் தானாகவே உருள ஆரம்பித்தது. மெதுவாகக் கிளம்பி, வேகம் பிடித்து, பனியில் ஒரு கோடு போட்டுக்கொண்டு கதவைப் பார்த்து வந்தது. கதவருகில் நின்ற சித்தப்பாவின் பூட்ஸில் முட்டி விழுந்தது.

மேடம் கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். டிராலிக்காரர் நின்றிருந்தார். "அண்ணே, அந்தப் பழக்கம் எந்த ரூம்ல வந்துது?"

அவர் சித்தப்பாவைப் பார்த்தார். பிறகு முதலாளியம்மாவைப் பார்த்தார். "இங்கதான் மேடம். தரை வீங்கிப்போச்சு. பின்பக்கம் தூக்கிடுச்சு. கட்டை வைக்காம விட்டா டிராலி நம்ம மேலயே வரும்."

"தரை எப்படி வீங்கும்?" என்றாள் முதலாளியம்மா.

"மண்ணும் உறையுமேம்மா," என்றாள் மேடம். "இவ்வளவு குளிர் வருஷக்கணக்கா கீழ இறங்கினா, அடியில இருக்கற ஈரமண் ஐஸாகித் தரையைத் தூக்கும். அதுக்குத்தான் தரைக்கு அடியில சூடு கொடுக்கற கம்பி போடுவாங்க. இங்க அந்தக் கம்பி எரிஞ்சுபோயிருக்கணும்."

முதலாளியம்மா மெதுவாகத் திரும்பினாள். "அந்தக் கம்பியை மாத்தச் சொல்லி நான் எப்பவோ சொன்னேனே. மாத்திட்டேன்னு சொன்னீங்களே சித்தப்பா."

சித்தப்பா குனிந்து டப்பாவை எடுத்தார். துடைத்தார். அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"மறந்துட்டேன்மா. மாத்திட்டேன்னு சொல்லிட்டேன். அப்புறம் தரை தூக்க ஆரம்பிச்சப்ப எப்படிச் சொல்லுவேன்? ஆலை லீவு விட்டப்ப, ரூமை அணைச்சு வச்சா மண் இளகித் தரை தானா இறங்கிடும்னு நினைச்சேன். கதவைத் திறக்காம இருந்தா சரக்கு தாங்கும்னு..." டப்பாவைக் கையில் உருட்டினார். "வந்து திறந்தா எல்லாப் பெட்டியிலயும் சொட்டுது."

"மறுபடி குளிரை வச்சுட்டீங்க," என்றாள் மேடம். "தரை இறங்கவும் இல்ல. பெட்டி சாய்ஞ்சபடியே இருந்துச்சு, தண்ணி மட்டும் தன் மட்டத்துல உறைஞ்சுது."

"எப்படியாவது போய்ச் சேர்ந்துடும்னு வேண்டிக்கிட்டேன். திரும்பி வந்துடுச்சு. டிரைவருக்குச் சின்ன வயசு, வேற வண்டி கிடைக்கும். எனக்கு இதை விட்டா..."

"நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப," என்றாள் முதலாளியம்மா, "இந்தக் கதவைத் திறந்து விளையாடினேன்னு என்னை அடிச்சீங்க சித்தப்பா. குளிர் போயிடும், சாப்பிடற பொருள், விளையாடக் கூடாதுன்னு. அந்த அடியிலதான் நான் இந்தத் தொழிலே கத்துக்கிட்டேன்." அவள் வெளியே போய், குப்பை லாரியை நிறுத்தச் சொல்லி யாரிடமோ கத்தினாள். சித்தப்பா அந்த அறையிலேயே, கோட்டு இல்லாமல் நின்றார்.

அரட்டை அதற்கு மேல் அங்கே இல்லை. ஓடினான்.

ஆபீஸ் அறைக் கதவைத் தள்ளித் திறந்தபோது, முதலில் அவன் தேடியது மேஜை மேல் அந்தப் பேப்பரை. இல்லை. கையெழுத்தை வாங்கி, எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் போல.

மாமா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கையில் பேனா. எதிர் நாற்காலியில் அக்கா, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, பஸ்ஸில் இடம் பிடித்து வைத்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"மாமா... கையெழுத்து..."

"எங்க போடறது?" என்றார் மாமா. "நானும் அப்பலேருந்து கேக்கறேன். எழுந்திருக்க மாட்டேங்கறா."

அக்கா அந்தப் பேப்பர் மேல் உட்கார்ந்திருந்தாள். ஒரு மூலை மட்டும் புடவைக்கு அடியில் எட்டிப் பார்த்தது.

"சித்தப்பாவாம் சித்தப்பா! வந்து வந்து எழுந்திருக்கச் சொன்னார். என்னைத் தூக்கிப்போட்டுட்டு எடுத்துக்குங்கன்னுட்டேன்," என்றாள் அக்கா.

அரட்டை கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நடந்ததை ஒரே மூச்சில் கொட்டினான். ஐஸ், லேபிள், கட்டை, வீங்கின தரை. மாமா எல்லாவற்றையும் கேட்டார். முகத்தில் சந்தோஷம் வந்தது. ஆனால் முழுசாக வரவில்லை. பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

"நீ போன்ல சொன்னதும் போட்டுடலாம்னுதான் இருந்தேன் மாப்ளே. நீயே சொல்லிட்டியேன்னு." அவர் அவனைப் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "உங்க அக்காகிட்ட தூங்கினதைக்கூடச் சொன்னேன். 'தூங்கியிருப்பே, அணைச்சிருக்க மாட்டே'ன்னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டா. அவ ஐஸும் பாக்கல, மேடும் பாக்கல."

அரட்டை வாயைத் திறந்தான். எத்தனையோ இடத்தில் எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்த வாய். ஒன்றும் வரவில்லை.

அக்கா எழுந்தாள். பேப்பரை எடுத்து நாலாகக் கிழித்தாள். தம்பியைத் தாண்டிப் போகும்போது அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள், வலிக்கிற குட்டு.

வாசலில் தும்மல் மேடம் நின்றிருந்தாள். வெயிலுக்கு வந்ததும் ஜலதோஷம் திரும்பிவிட்டது. ஒரு தும்மல் போட்டுவிட்டு, சித்தப்பாவிடமிருந்து திரும்ப வாங்கிய தைல டப்பாவை அவன் கையில் திணித்தாள்.

"கண்ணுல தண்ணி வந்தா, இதைத் தேய்ச்சேன்னு சொல்லிக்கோ."

அரட்டை டப்பாவைத் திறந்தான். தேய்க்கவில்லை. மாமாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.